சித்திரை முதல் நாள் இலைச் சாப்பாடு: எதை எப்போது சேர்ப்பது?

கேள்வி சுருக்கமாக இது: "சித்திரை ஒண்ணாம் தேதி பத்துப் பேருக்கு வீட்டிலேயே இலைச் சாப்பாடு. போன வருஷம் மாங்காய் பச்சடியில் துண்டுகள் வேகாமல் ரப்பர் மாதிரி நின்றன. உளுந்து வடை எண்ணெய் குடித்தது. பாயசம் திரிந்தது. மோர்க்குழம்பு தண்ணீர் வேறு, தயிர் வேறாகப் பிரிந்தது. அளவெல்லாம் சரியாகத்தான் போட்டேன். எங்கே தப்பு?"

அளவு சரியாக இருந்தும் நாலும் கெட்டிருக்கிறது என்றால், சேர்த்த வரிசையைத்தான் பார்க்க வேண்டும். வெல்லம், புளி, உப்பு, தயிர், தேங்காய்ப்பால் ஆகிய ஐந்தும் எப்போது உள்ளே போகின்றன என்பதில்தான் விருந்துச் சமையலின் பாதிக் கோளாறு இருக்கிறது. வெல்லம் விழுந்த பிறகு மாங்காயும் பருப்பும் மேற்கொண்டு வேகாது. புளி விழுந்த பிறகு முருங்கைக்காய் சீக்கிரம் மெத்தென்று ஆகாது. உப்பு முன்னாலேயே விழுந்தால் வடை மாவும் வெள்ளரிக்காயும் தண்ணீர் விடும். தயிரும் முதல் தேங்காய்ப்பாலும் கொதிக்கக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் என்னென்ன சமைப்பது என்பதை முடிவு செய்யுங்கள். இரண்டு அடுப்பு உள்ள வீட்டில் ஒருவரோ இருவரோ சமைக்கிறீர்கள் என்றால் இது போதும்: மாங்காய் பச்சடி, கோசுமல்லி, ஒரு பொரியல், சாம்பார் அல்லது மோர்க்குழம்பு, ரசம், உளுந்து வடை, பாசிப்பருப்புப் பாயசம், அப்பளம், மோர். சாம்பாரும் மோர்க்குழம்பும் இரண்டும் வேண்டும் என்று ஆசைப்படுவதுதான் பல வீடுகளில் 12 மணிச் சாப்பாட்டை 2 மணிக்குத் தள்ளுகிறது. ஏப்ரல் 14 வெயிலுக்கு என் ஓட்டு மோர்க்குழம்புக்கு. சாம்பார்தான் என்றால் முருங்கைக்காய் போடுங்கள், அது மலிந்து கிடக்கும் பருவம். மாங்காய் சாம்பார் வேண்டாம். பச்சடியில் மாங்காய் இருக்கும்போது குழம்பிலும் அதே புளிப்பு வந்தால் இரண்டுமே எடுபடாது.

இன்னொன்று. படையல் போடும் வீடுகளில் நைவேத்தியம் ஆகும்வரை எதையும் ருசி பார்க்க மாட்டார்கள். கை அளவுக்குப் பழகியவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் உப்பை எடை போட்டுக்கொள்வது நல்லது. குழம்பு, ரசம் போன்றவற்றுக்கு ஆகி முடிந்த அளவில் ஒரு லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். தூள் உப்பில் ஒரு தேக்கரண்டி (தலை தட்டியது) 6 கிராமுக்குப் பக்கத்தில் வரும். கல்லுப்பு அதே கரண்டியில் எடை குறைவாக நிற்கும். கல்லுப்புக்குப் பழகிய கை திடீரென்று தூள் உப்புக்கு மாறினால் கரிக்கும். குறைந்தால் இலையில் உப்பு வைத்திருக்கிறோம், கூடினால்தான் சிக்கல். அதனால் சந்தேகம் வந்தால் கொஞ்சம் குறைத்தே போடுங்கள்.

மாங்காய் பச்சடி

இந்த நாளின் முதல் பதார்த்தம் இதுதான். பங்குனி கடைசியில் வேம்பு பூத்துவிடும், மாங்காயும் வந்துவிடும். இரண்டும் சேர்ந்துதான் இந்தப் பச்சடி. தெலுங்கு, கன்னட வீடுகளில் உகாதிக்குச் செய்வது வேறு. அது புதுப்புளி, வெல்லம், வேப்பம்பூ, மாங்காய் எல்லாம் சேர்த்து அடுப்பில் ஏற்றாமல் கரைப்பது. நம்முடையது வேகவைத்துச் செய்வது. அந்தக் குறிப்பையும் இந்தக் குறிப்பையும் கலந்து படித்துவிட்டு, வேகாத மாங்காயில் வெல்லத்தைக் கரைத்து அடுப்பில் வைப்பவர்கள் உண்டு. உங்கள் துண்டுகள் ரப்பராக நின்றதற்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

பத்துப் பேருக்கு: நடுத்தரக் கிளிமூக்கு மாங்காய் 2 (கொட்டை, தோல் நீக்கிய சதை 450 கிராம்), வெல்லம் 300 முதல் 350 கிராம், பச்சைமிளகாய் 2, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, காய்ந்த வேப்பம்பூ ஒரு மேசைக்கரண்டி, நெய் 2 தேக்கரண்டி. தாளிக்க எண்ணெய், கடுகு, கிள்ளிய காய்ந்த மிளகாய் 2. கிளிமூக்கு புளிப்புக் குறைந்தது. கிடைப்பது நாட்டு மாங்காய் என்றால் அது பல்லைக் கூசவைக்கும். சதையின் எடைக்குச் சமமாகவே வெல்லம் பிடிக்கும். மாங்காயை நறுக்கும்போதே ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து வெல்லத்தை முடிவு செய்யுங்கள். அது இன்னும் சமைத்த பதார்த்தம் ஆகவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

மாங்காயை விரல் நீளத்துக்கு, கொஞ்சம் கனமாக நறுக்குங்கள். ஒன்றரைக் கப் தண்ணீரில் மஞ்சள்தூள், உப்பு, கீறிய பச்சைமிளகாய் சேர்த்து நடுத்தீயில் வேகவிடுங்கள். 6, 7 நிமிடத்தில் வெந்துவிடும். கரண்டிக் காம்பால் அழுத்தினால் துண்டு எதிர்ப்பில்லாமல் அமுங்க வேண்டும், ஆனால் கரைந்துவிடக் கூடாது. அதற்குப் பிறகுதான் வெல்லம். வெல்லப்பாகு மாங்காயின் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும், சதை இறுகும். முன்னாலேயே போட்டுவிட்டால் அரை மணி நேரம் கொதித்தாலும் துண்டு அப்படியே நிற்கும். வெல்லத்தைத் தனியாக அரைக் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டியே ஊற்றுங்கள். எவ்வளவு நல்ல வெல்லமானாலும் அடியில் மண் கொஞ்சம் நிற்கும்.

வெல்லம் சேர்த்த பிறகு 5 முதல் 7 நிமிடம். கரண்டியைத் தூக்கினால் தேன் மாதிரி ஒழுகும்போதே இறக்கிவிட வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும். அடுப்பிலேயே கெட்டியாகும்வரை விட்டால் சாப்பிடும் நேரத்தில் ஜாம் ஆகிவிடும். தண்ணீராகவே இருக்கிறது என்றால் ஒரு தேக்கரண்டி அரிசிமாவைக் கரைத்து விட்டு ஒரு கொதி போதும். பாத்திரம் எவர்சில்வரோ கல்சட்டியோ இருக்கட்டும். அலுமினியத்திலும் ஈயம் பூசாத பித்தளையிலும் புளிப்பு வேலை செய்யும்.

வேப்பம்பூ தனிக் கதை. காம்பு, இலைத்துணுக்கு, மண் எல்லாம் முதலில் புடைத்து எடுக்க வேண்டும். மரத்தடியில் துணி விரித்துச் சேகரித்த புதுப்பூ என்றால் 2 மேசைக்கரண்டி போடலாம். ஈரம் இருப்பதால் வறுபட நேரம் ஆகும். நெய்யைக் காயவைத்து, தீயை முழுக்கக் குறைத்துவிட்டுப் பூவைப் போடுங்கள். முதலில் நெய் மேலே நுரை கட்டும், பச்சை வாசனை வரும். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் நுரை அடங்கி, பூ பொன்னிறத்தைத் தாண்டிப் பழுப்புக்குப் போகும். காப்பிப்பொடி நிறம் வந்ததும் அடுத்த நொடி வேறு கிண்ணத்தில் கொட்டிவிடுங்கள். கரண்டிச் சூட்டிலேயே விட்டால் கருகும். சரியாக வறுத்த பூவின் கசப்பு நாக்கில் பட்டுவிட்டு நெய் மணத்தோடு போய்விடும். கருகின பூவின் கசப்பு தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும், எத்தனை வெல்லம் போட்டாலும் போகாது. பூவைப் பரிமாறும்போது மேலே தூவுவதே நல்லது. முன்னாலேயே கலந்தால் ஊற ஊறக் கசப்பு பச்சடி முழுக்க இறங்கும். குழந்தைகள் இலையின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள்.

உளுந்து வடை

வடை எண்ணெய் குடிப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: மாவில் தண்ணீர் அதிகம். அந்தத் தண்ணீர் எண்ணெயில் ஆவியாகி வெளியேறும், அது விட்டுப்போன இடத்தில் எண்ணெய் ஏறும். தண்ணீர் மூன்று வழியில் வருகிறது. நீங்கள் அரைக்கும்போது விடுவது ஒன்று. பருப்பு அதிகம் ஊறுவது இன்னொன்று. முன்னாலேயே போட்ட உப்பு மூன்றாவது.

ஆளுக்கு இரண்டு வடைக்கு, முழு வெள்ளை உளுந்து 300 கிராம். கழுவி ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் ஊறட்டும். முந்தின நாள் இரவே ஊறப்போடும் பழக்கம் இட்லிக்குச் சரி, வடைக்கு வேண்டாம். ஊறிய தண்ணீரைச் சுத்தமாக வடித்து, சல்லடையில் 10 நிமிடம் போட்டு வையுங்கள். கிரைண்டரில் அரைத்தால் 20 முதல் 25 நிமிடம். நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையால் தண்ணீர் தெளித்தால் போதும். மிக்ஸி என்றால் இரண்டு மூன்று ஈடாகப் பிரித்து, ஐஸ் தண்ணீர் தெளித்து, இடையிடையே நிறுத்தி அரையுங்கள். சூடேறினால் மாவு பொங்காது. மொத்தத் தண்ணீர் 6, 7 மேசைக்கரண்டியைத் தாண்ட வேண்டாம்.

பதம் தெரிய ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, சுண்டைக்காய் அளவு மாவை அதில் போடுங்கள். மிதந்தால் காற்று ஏறியிருக்கிறது. மூழ்கினால் கையாலேயே ஒரே திசையில் 3, 4 நிமிடம் அடித்துக் கலக்குங்கள், பிறகு திரும்பவும் பாருங்கள். மிதந்தும், கையில் எடுத்தால் உருண்டு நிற்காமல் வழிந்தால், தண்ணீர் கூடிவிட்டது. அப்போது ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவு. அதற்கு மேல் போட்டால் வடை மொறுமொறுவென்று வரும், உள்ளே பஞ்சு இருக்காது. ஆப்ப சோடா போட வேண்டாம்; அதுவும் எண்ணெயை இழுக்கும்.

மிளகு, நறுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் கலந்து வைத்துவிடலாம். உப்பு மட்டும் எண்ணெய் காய்ந்த பிறகு. 300 கிராம் உளுந்துக்கு ஒன்றரைத் தேக்கரண்டி. சித்திரை வெயிலில் வெளியே வைத்த மாவு ஒரு மணி நேரத்திலேயே புளிக்க ஆரம்பிக்கும், அதனால் அரைத்த மாவு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

எண்ணெய்ச் சூடு: துளி மாவு போட்டால் அடியில் போய் இரண்டு நொடியில் மேலே வர வேண்டும். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது. அந்தச் சூட்டில் எவ்வளவு நல்ல மாவும் எண்ணெய் குடிக்கும். விழுந்ததும் சிவந்தால் அதிகம். வெளியே நிறம் வந்து நடுவில் மாவாக இருக்கும். அந்தச் சூடு கைவந்ததும் நடுத்தீயில் வைத்து, ஒரு ஈட்டுக்கு 4, 5 வடைக்கு மேல் போடாதீர்கள். குளிர்ந்த மாவு மொத்தமாக விழுந்தால் எண்ணெய் ஆறிவிடும். நடுவில் ஓட்டை போடுவது அழகுக்காக இல்லை, உள்பக்கம் வேகத்தான். சரியாக அரைபடாத முழுப்பருப்பு மாவில் கிடந்தால் எண்ணெயில் வெடிக்கும், அதனால் அரைத்த மாவை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு அடுப்புக்குப் போங்கள்.

இத்தனை கவனம் முடியாது என்றால் ஆமவடைக்கு மாறிவிடலாம். 300 கிராம் கடலைப்பருப்பை 2 மணி நேரம் ஊறவைத்து, ஒரு கைப்பிடி எடுத்து வைத்துவிட்டு, மீதியைக் காய்ந்த மிளகாய், உப்பு, பெருங்காயத்தோடு தண்ணீரே விடாமல் கரகரப்பாக அரைத்து, எடுத்து வைத்ததைக் கலந்து தட்டிப்போட வேண்டியதுதான். இதில் கெடுவதற்கு அதிகம் இல்லை. மாவாக அரைத்துவிட்டால் மட்டும் கல்லாகிவிடும்.

மோர்க்குழம்பு

தயிர் பிரிவதற்கும் கொதிப்புக்கும் நேர் சம்பந்தம். சூடு ஏற ஏறத் தயிரின் புரதம் இறுகித் தண்ணீரை வெளியே தள்ளும். அரிசியும் பருப்பும் அரைத்து விடுவது கெட்டியாவதற்கு மட்டும் இல்லை. அந்த மாவுச்சத்து புரதம் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும். தேங்காயும் பச்சைமிளகாயும் மட்டும் அரைத்து விட்ட மோர்க்குழம்புதான் அதிகம் பிரிவது.

பத்துப் பேருக்குக் கெட்டித் தயிர் ஒரு லிட்டர், சாம்பல் பூசணி அரைக் கிலோ. அரைக்க: துவரம்பருப்பு 2 மேசைக்கரண்டி, பச்சரிசி ஒரு மேசைக்கரண்டி (இரண்டும் முக்கால் மணி நேரம் ஊறியது), தேங்காய்த் துருவல் ஒரு கப், சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி, பச்சைமிளகாய் 5 அல்லது 6, இஞ்சி ஒரு சிறு துண்டு. நைசாக அரைக்க வேண்டும். திப்பி நின்றால் குழம்பு பிரிந்தது போலவே தோன்றும்.

பூசணியை மஞ்சள்தூள், உப்பு போட்டுக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, அரைத்ததைச் சேர்த்து 4 நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். பச்சை வாசனை போவதெல்லாம் இங்கேயே முடிய வேண்டும், ஏனென்றால் தயிர் வந்த பிறகு கொதிக்கவிட முடியாது. தயிரை முதலில் தண்ணீரில்லாமல் மத்தால் கட்டியில்லாமல் கடைந்து, பிறகு ஒன்றரைக் கப் தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராக ஊற்ற வேண்டாம். தீயைக் குறைத்துத் தயிரை விட்டுக் கிளறிக்கொண்டே நில்லுங்கள். ஓரத்தில் நுரை கட்டி நடுவை நோக்கி வரும்போது அணைத்துவிடுங்கள். நடுவில் குமிழி விட்டுக் கொதித்தால் தாமதம். இறக்கிய பிறகும் மூடி போட வேண்டாம், உள்சூட்டிலேயே பிரியும். தேங்காயெண்ணெயில் கடுகு, நாலைந்து வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் ஆயிற்று.

இந்த மாதத்தில் தயிர் எப்போது புளிக்கும் என்பதும் கணக்கு. முந்தின நாள் இரவு 10 மணிக்கு உறை ஊற்றி, காலை 5 மணிக்கு ஃப்ரிட்ஜில் வைத்தால் சமைக்கும் நேரத்துக்கு அளவான புளிப்பில் இருக்கும். மோருக்கான தயிரைத் தனியாக உறை ஊற்றி வையுங்கள், அது புளிக்கவே கூடாது.

சாம்பார் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரே குறிப்பு. துவரம்பருப்பு 300 கிராம், முருங்கைக்காய் 5, புளி 45 கிராம். முருங்கைக்காயை மஞ்சள்தூளும் உப்பும் போட்ட தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்த பிறகே புளித்தண்ணீர். புளியிலேயே போட்டால் நார் விறைத்தே நிற்கும். பருப்பு வேகவில்லை என்றால் பழைய பருப்பு அல்லது உப்புத் தண்ணீர் என்று அர்த்தம். பருப்புக்கு மட்டும் கேன் தண்ணீர் வைத்துப் பாருங்கள்.

பாயசம்

பாசிப்பருப்பு 150 கிராம், வெல்லம் 300 கிராம், பெரிய தேங்காய் ஒன்று, ஏலக்காய் 4, சுக்குப்பொடி கால் தேக்கரண்டி, நெய், முந்திரி. பருப்பை மணம் வரும்வரை, நிறம் மாறாமல் வறுத்து, மூன்று மடங்கு தண்ணீரில் குக்கரில் 4 விசில். இங்கேயும் பச்சடி விதிதான்: விரலில் நசுக்கினால் மாவாகாத பருப்பில் வெல்லத்தைப் போட்டால், பாயசம் குடிக்கும்போது மணல் மாதிரி பல்லில் இடறும்.

வடிகட்டிய வெல்லக் கரைசலைப் பருப்பில் சேர்த்து 5, 6 நிமிடம் கொதிக்க வையுங்கள். பிறகு இரண்டாம் தேங்காய்ப்பால் 2 கப், ஒரு கொதி. அணைத்துவிட்டுக் கொதி அடங்கிய பிறகு முதல் பால் ஒரு கப். அதை மறுபடி கொதிக்க வைத்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்.

பசும்பால் ஊற்றும் வீடுகளில்தான் திரிவது அதிகம். வெல்லத்துக்கு லேசான புளிப்புத்தன்மை உண்டு, சூட்டோடு சேரும்போது பாலைத் திரித்துவிடும். ஈரம் ஏறி நசநசத்த பழைய வெல்லம் என்றால் கேட்கவே வேண்டாம். பாலைத் தனியாகக் காய்ச்சி ஆறவையுங்கள், பாயசத்தையும் விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவையுங்கள், பிறகு கலந்து கொள்ளுங்கள். அதன்பின் அடுப்பு பக்கமே கொண்டுபோகக் கூடாது. திரிந்துவிட்டால் திரும்ப வராது. ஒரு கப் தேங்காய்ப்பால் விட்டுக் கலக்கினால் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும், சாப்பிடுவதில் ஒன்றும் கெடுதல் இல்லை.

மற்றவை சீக்கிரம் முடிபவை. கோசுமல்லிக்குப் பாசிப்பருப்பு 100 கிராம் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், துருவிய மாங்காய் கொஞ்சம், தேங்காய், கடுகு தாளிப்பு. உப்பும் எலுமிச்சையும் இலை போட்ட பிறகுதான், இல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் அடியில் தண்ணீர் நிற்கும். ஸ்ரீராம நவமிக்குச் செய்யும் அதே கோசுமல்லிதான். அன்றைக்குப் பானகமும் உண்டு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை அரை மூடி. பச்சைக் கற்பூரம் கடுகளவு போதும், கூடினால் மருந்து மாதிரி இருக்கும். மாசி முடிந்து பங்குனி பிறக்கும்போது வரும் காரடையான் நோன்பு அடைக்கும் பச்சடி விதியே. காராமணியை முழுக்க வேகவைத்த பிறகே வெல்லத் தண்ணீரில் சேர்க்க வேண்டும். வறுத்த அரிசிமாவு ஒரு கப்புக்கு வெல்லம் முக்கால் கப், தண்ணீர் 2 கப். அடை ஆறியதும் கல்லாகிறது என்றால் தண்ணீர் குறைந்திருக்கிறது.

பொரியலுக்குப் பீன்ஸோ கொத்தவரையோ ஒரு கிலோ. ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேப்பம்பூ ரசம் வைப்பவர்கள் பச்சடியில் பூவைக் குறைத்துக்கொள்ளலாம். அரிசி பத்துப் பேருக்கு 900 கிராம் தாராளம், வடையும் பாயசமும் இருக்கும்போது யாரும் மூன்றாம் முறை சோறு கேட்பதில்லை.

எப்போது எதை

12 மணிக்கு இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் வெல்லம் கரைத்து வடிகட்டி வைப்பது, வேப்பம்பூ புடைப்பது, தயிர் உறை ஊற்றுவது. தேங்காயை முந்தின நாளே துருவ வேண்டாம், இந்தச் சூட்டில் மணம் மாறிவிடும். துருவியே ஆக வேண்டும் என்றால் ஃப்ரீசரில் வையுங்கள்.

காலை 7 மணிக்கு உளுந்தும், மோர்க்குழம்புக்கான அரிசி, பருப்பும் ஊறட்டும். 7:30க்கு ஒரு அடுப்பில் குக்கரில் பருப்பு, இன்னொன்றில் மாங்காய். பச்சடி முதலில் முடிவதில் நட்டமில்லை, ஆறித்தான் சாப்பிடுகிறோம். 8:15க்கு உளுந்து அரைத்து ஃப்ரிட்ஜுக்கு. 9 மணிக்குப் பாயசம். 9:45க்குப் பொரியல், ரசம். 10:30க்கு மோர்க்குழம்பைத் தயிர் சேர்க்கும் முன்கட்டம் வரை கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள். 10:45க்குச் சோறு வைத்துவிட்டு, மறு அடுப்பில் வடை எண்ணெய். வடை கடைசி ஈடு எடுத்ததும் அதே எண்ணெயில் அப்பளம். 11:40க்கு மோர்க்குழம்பைச் சூடாக்கித் தயிர் சேர்ப்பது, தாளிப்பது. இலை போட்டதும் கோசுமல்லிக்கு உப்பு, பச்சடிக்குப் பூ.

வாழையிலையின் நுனி சாப்பிடுபவரின் இடது கைப்பக்கம் வர வேண்டும். பச்சடியைச் சோற்றுக்குப் பக்கத்தில் வைக்காமல் இலையின் மேல்பாதியில் வையுங்கள். கீழே வைத்தால் வெல்லம் ஓடி ரசத்தில் கலக்கும்.

மிச்சம் ஆனவற்றில் தேங்காய் சேர்ந்த எதையும் சாயங்காலம் வரை வெளியே வைக்காதீர்கள். பூ கலக்காத பச்சடி ஃப்ரிட்ஜில் 3, 4 நாள் தாங்கும், தோசைக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும். வடை மிஞ்சினால் வெந்நீரில் 2 நிமிடம் போட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து லேசாக அழுத்திப் பிழிந்து, ஆறின மோர்க்குழம்பில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குள் ஊறிவிடும். கொதிக்கும் குழம்பில் போட்டால் வடை கரைந்துவிடும், குழம்பும் பிரிந்துவிடும்.